பேரன் தீவில் சாம்பல் தெரிகிறதா?

இந்த வாரம் கெஸ்ட் யாரும் கிடையாது. நானும் மைக்கும் மட்டும்தான். அதனால பொறுமையா, ஒரே ஒரு விஷயத்தைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன்.

2025 செப்டம்பரில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. பேரன் தீவில் எரிமலை வெடித்தது, கடற்படை எடுத்த வீடியோ, அப்படின்னு. எனக்கு முதல்ல தோன்றியது, பேரன் தீவுன்னா, தாத்தா தீவு எங்கப்பா இருக்கு? சிரிக்காதீங்க, நிஜமாவே தேடினேன். அப்புறம்தான் புரிஞ்சது, அது உறவுமுறை இல்ல. தரிசு நிலத்துக்கான ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்துல அப்படியே எழுதியிருக்காங்க. தரிசுத் தீவு. பேருக்கு ஏத்த மாதிரி அங்க மனுஷங்க யாரும் இல்ல.

இந்தியாவில் இப்போது உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அதுதான். போர்ட் பிளேரில் இருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர், நடுக்கடல். கடல் மட்டத்துக்கு மேல பார்த்தா 354 மீட்டர்தான் உயரம். ஆனா கடல் தரையில் இருந்து அளந்தா ரெண்டு கிலோமீட்டருக்கும் மேல. நாம பார்க்கிறது மலையோட தலை மட்டும்தான், உடம்பு முழுக்கத் தண்ணிக்குள்ள. 1787-ல் வெடித்ததுதான் முதல் பதிவு. 1832-க்குப் பிறகு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல தூங்கியது. 1991-ல் மறுபடி எழுந்தது, அதுக்கப்புறம் விட்டு விட்டுப் புகைந்துகொண்டே இருக்கிறது.

இப்போ என்னோட கேள்வி. மனுஷங்களே இல்லாத ஒரு தீவு. நடுராத்திரி மூணு மணிக்கு அது சாம்பலைக் கக்கினா, அது யாருக்குத் தெரியும்? எப்படித் தெரியும்? தெரியலைன்னா என்ன ஆகும்?

கடைசிக் கேள்வியில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

மெட்ராஸ் வழியாப் போன ஒரு விமானம்

1982-ல் லண்டனில் இருந்து ஆக்லாந்துக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9 என்று ஒரு விமானம் போகும். பெரிய ஜம்போ, போயிங் 747. வழியில் பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர், பெர்த், மெல்போர்ன் என்று நின்று நின்று போகும். நம்ம ஊர் பேருந்து மாதிரி.

ஜூன் 24-ம் தேதி ராத்திரி, கோலாலம்பூரில் இருந்து பெர்த் நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. 248 பயணிகள், 15 ஊழியர்கள். கீழே ஜாவா தீவு. விமானத்தின் முன் கண்ணாடியில் சின்னச் சின்ன மின்பொறிகள் ஓட ஆரம்பித்தன. கேபினுக்குள் கந்தக வாசனை, மெல்லிய புகை. விமானிகள் வானிலை ரேடாரைப் பார்த்தார்கள். திரை சுத்தமாக இருந்தது. எதிரில் ஒன்றுமே இல்லை என்றது.

அடுத்த சில நிமிடங்களில் நாலு இன்ஜினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின.

நாலு இன்ஜினும் இல்லாத 747-ங்கறது, இறக்கை வச்ச ஒரு அபார்ட்மென்ட் பிளாக். அது கிளைடர் மாதிரி மிதந்து இறங்கியது, 11 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் வரைக்கும். விமானி எரிக் மூடி பயணிகளிடம், ஒரு சின்னப் பிரச்சினை, நாலு இன்ஜினும் நின்னுபோச்சு, சரிசெய்ய எங்களால ஆனதைப் பண்ணிட்டிருக்கோம் என்கிற மாதிரி அறிவித்தார். அந்த 'சின்ன'ப் பிரச்சினை பிறகு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கீழே இறங்க இறங்க, திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்ய, இன்ஜின்கள் உயிர்பெற்றன. ஜகார்த்தாவில் இறங்கினார்கள். முன் கண்ணாடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி மங்கிப் போயிருந்தது. ஓரத்தில் மிஞ்சியிருந்த ஒரு சின்னத் தெளிவான பட்டை வழியாக ஓடுபாதையைப் பார்த்துத்தான் இறக்கினார்கள். எல்லாரும் பிழைத்தார்கள்.

நடந்தது இதுதான். கீழே காலுங்குங் எரிமலை வெடித்துக்கொண்டிருந்தது. விமானம் அந்தச் சாம்பலுக்குள் புகுந்துவிட்டது. சாம்பல்னா அடுப்புச் சாம்பல் மாதிரி மிருதுவா இருக்கும்னு நினைக்காதீங்க. அது பொடியான கண்ணாடி, பொடியான பாறை. ஜெட் இன்ஜின் உள்ளே இருக்கும் சூட்டில் அது உருகிவிடும். உருகி, உள்ளே இருக்கும் பிளேடுகளில் போய் ஒட்டி, மறுபடி கெட்டியாகி, காற்றுப் போகும் வழியை அடைத்துவிடும். இன்ஜின் நின்று ஆறியதும் அந்தக் கண்ணாடிப் படிவு கொஞ்சம் விரிசல் விட்டு உதிர்ந்ததால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆனது.

ரேடார் ஏன் காட்டலை? விமானத்தின் வானிலை ரேடார் தண்ணீர்த் துளிகளைத் தேடும்படி அமைக்கப்பட்டது. மழை மேகம்னா பளிச்சுனு காட்டும். காய்ந்த சாம்பல் அதன் கண்ணுக்குத் தெரியாது. ரேடார் பொய் சொல்லலை. அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

எனக்கு இதில் ரொம்ப உறுத்துற விஷயம் வேற. காலுங்குங் அன்னைக்குத் திடீர்னு வெடிக்கலை. ஏப்ரலில் இருந்தே வெடித்துக்கொண்டிருந்தது. மலையடிவாரத்தில் இருந்த மக்களுக்குத் தெரியும். அந்தத் தகவல் விமானிக்குப் போய்ச் சேர வழி இல்லை, அவ்வளவுதான். மூணு வாரம் கழித்து, ஜூலை 13-ம் தேதி, ஒரு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 747-ம் அதே எரிமலையின் சாம்பலில் மாட்டி, இன்ஜின்களை இழந்து ஜகார்த்தாவில் இறங்கியது.

ஒன்பது காவல்காரர்கள்

இதுக்கப்புறம்தான் உலகம் விழிச்சது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஒரு ஏற்பாடு கொண்டுவந்தது. இன்னைக்கு உலகம் முழுக்க எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையங்கள் ஒன்பது இருக்கு. லண்டன், துலூஸ், ஆங்கரேஜ், வாஷிங்டன், மான்ட்ரியால், புவெனஸ் ஐரிஸ், வெலிங்டன், டோக்கியோ, டார்வின். ஆகாயத்தைப் பங்கு பிரிச்சு எடுத்திருக்காங்க.

நம்ம பேரன் தீவு யார் பங்கில் வருதுன்னு நினைக்கிறீங்க? டார்வின். ஆஸ்திரேலியாவின் வடக்கு ஓரம். இந்தோனேசியாவின் அத்தனை எரிமலைகளையும் கவனிக்கும் அதே ஆட்கள்தான், அந்தமான் கடலில் இருக்கும் இந்த ஒத்தைத் தீவையும் கவனிக்கிறாங்க. ராத்திரி பகல் ஷிஃப்ட் போட்டு.

அவங்க வெளியிடும் அறிக்கை பார்க்க ஒரு பழைய தந்தி மாதிரி இருக்கும். எல்லாம் சுருக்கெழுத்து, எல்லாம் பெரிய எழுத்து. எரிமலை பேர், சாம்பல் மேகத்தின் மூலைகள் எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கு, எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்துல நகருது, இன்னும் 6 மணி, 12 மணி, 18 மணி நேரத்தில் எங்க இருக்கும். கடைசியில் அடுத்த அறிக்கை எப்போது. அவ்வளவுதான். ஒரு அலங்காரமும் கிடையாது. ஆனா அந்தத் தந்தியைப் பார்த்துத்தான் விமானங்கள் பாதையை மாத்துது.

ரெண்டு தெர்மாமீட்டர், ஒரு மைனஸ்

சரி, டார்வினில் உட்கார்ந்துகிட்டு அந்தமான் சாம்பலை எப்படிப் பார்க்கிறாங்க? ஜப்பானோட ஹிமாவாரி 9 செயற்கைக்கோள். பூமத்திய ரேகைக்கு மேல 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கிறது. பகலில் சாதாரணப் படம். ராத்திரியில் அகச்சிவப்பு, அதாவது வெப்பத்தை வச்சு எடுக்கிற படம்.

ஆனா வெப்பப் படத்தில் சாம்பல் மேகமும் மழை மேகமும் ஒரே மாதிரிதான் தெரியும். குளிர்ந்த ஒரு திட்டு. ரெண்டையும் எப்படிப் பிரிக்கிறது?

ஃபிரெட் பிராட்டா என்கிற ஆஸ்திரேலிய விஞ்ஞானி 1989-ல் எழுதின விஷயம் இது. நம்ம மாதிரி ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அது ஒரே ஒரு கழித்தல் கணக்கு. செயற்கைக்கோளில் ரெண்டு வெப்பச் சேனல்கள் எடுத்துக்கோங்க. ஒன்று 11 மைக்ரான் அலைநீளம், இன்னொன்று 12 மைக்ரான். ரெண்டு தெர்மாமீட்டர்னு வச்சுக்கோங்க. ரெண்டும் கீழே கடலைப் பார்க்குது. நடுவுல மெல்லிய மழை மேகம் வந்தா, தண்ணியும் பனித்துகளும் 12 மைக்ரான் வெப்பத்தை அதிகமா உறிஞ்சும். அதனால அந்த தெர்மாமீட்டர் குறைவாகக் காட்டும். சாம்பல் வந்தா உல்டா. சாம்பலில் இருக்கும் சிலிக்கேட் 11 மைக்ரானை அதிகமா உறிஞ்சும். இப்போ 11-ல் இருந்து 12-ஐக் கழிங்க. பிளஸ் வந்தா மேகம். மைனஸ் வந்தா சாம்பல்.

அவ்வளவுதானா? இதை நானே ஒரு சனிக்கிழமையில் எழுதிடுவேனேன்னு தோணுச்சு. எழுதினேன்.

என் ஸ்கிரிப்ட் கண்டுபிடித்தவை

ஹிமாவாரி தரவு இலவசமாகவே அமேசான் கிளவுடில் கிடைக்குது. பைத்தானில் நூறு வரிகூட இருக்காது. பேரன் தீவைச் சுற்றி ஒரு சதுரம் வெட்டி, ஒரு சேனலில் இருந்து இன்னொன்றைக் கழிச்சு, மைனஸ் வந்த பிக்சலை எல்லாம் சிவப்பாக்கு. ஓட விட்டுட்டு டீ போடப் போனேன். வந்து பார்த்தா படம் பூரா சிவப்பு!

ஒரு நிமிஷம் நெஞ்சு படபடன்னு அடிச்சது, உண்மையைச் சொல்றேன். அப்புறம் பார்த்தா, அது சாம்பல் இல்ல, இடிமேகம். மேகத்தின் உச்சி ரொம்பக் குளிர்ந்து போனா இந்தக் கணக்கு தடுமாறி மைனஸ் காட்டும். ராத்திரியில் குளிர்ந்த நிலமும் மைனஸ் காட்டும். பாலைவனப் புழுதியும் காட்டும், அதுவும் சிலிக்கேட்தானே.

சரின்னு இடிமேகத்தையெல்லாம் வடிகட்டினேன். இப்போ நேர்மாறாகச் சோதிச்சுப் பார்ப்போம்னு, டார்வின் மையம் பேரன் தீவில் சாம்பல் இருக்குன்னு அறிக்கை விட்ட ஒரு நாளின் தரவை எடுத்து ஓட்டினேன்.

ஒன்றுமே இல்லை. ஒரு சிவப்புப் பிக்சல்கூட வரலை.

ஏன்னு புரிஞ்சுக்க ரெண்டு வாரம் ஆச்சு. முதல் காரணம், அந்தமான் கடல் மேல காத்துல ஈரப்பதம் ரொம்ப அதிகம். ஈரம் இருந்தாலே அந்தக் கழித்தல் கணக்கு பிளஸ் பக்கம் சாஞ்சிடும். மெல்லிய சாம்பல் அதை மைனஸ் வரைக்கும் இழுத்துட்டு வரணும். ரெண்டாவது, பேரன் தீவின் சாம்பல் பெரும்பாலும் ஒன்றரை, ரெண்டு கிலோமீட்டர் உயரத்தில்தான் போகும். அங்க இருக்கும் காற்றுக்கும் கீழே கடலுக்கும் வெப்ப வித்தியாசம் கொஞ்சம்தான். வித்தியாசம் இல்லைன்னா தெர்மாமீட்டர் எதைக் காட்டும்? மூணாவது, ஹிமாவாரி கிழக்கே ரொம்ப தூரத்தில், நியூ கினி தீவுக்கு மேல நிக்குது. அந்தமானைச் சாய்வாகத்தான் பார்க்கும். நேர் கீழே ரெண்டு கிலோமீட்டராக இருக்கும் பிக்சல் இங்கே வரும்போது இன்னும் பெரிசாகிடும். தீவே மூணு கிலோமீட்டர் அகலம்தான்!

அப்போ டார்வின்காரங்க எப்படிப் பார்த்தாங்க? அதே நாளின் பகல் படங்களை எடுத்து, பத்து நிமிஷத்துக்கு ஒன்றுன்னு வரிசையா வச்சு வீடியோ மாதிரி ஓட்டிப் பார்த்தேன். முதல் பத்துத் தடவை ஒன்றும் தெரியலை. அப்புறம் சட்டுனு கண்ணில் பட்டது. எல்லா மேகமும் நகர்ந்து போயிட்டே இருக்கு. ஒரே ஒரு மெல்லிய வால் மட்டும், கொடியில கட்டின துண்டு மாதிரி, ஒரு முனை அசையாமல் அங்கேயே நின்று படபடக்குது. மேகத்துக்கு வேர் கிடையாது. சாம்பலுக்கு உண்டு. அந்த வேர் இருந்த இடம்தான் பேரன் தீவு.

என் நூறு வரி கோடுக்குத் தெரியாத அந்த ஒரு விஷயம், ஷிஃப்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷருக்குத் தெரியும். அவர் அந்தப் படத்தை மட்டும் பார்க்கிறதில்லை. ராத்திரியில் தீவு சூடாகத் தெரியுதான்னு வேற செயற்கைக்கோளில் பார்ப்பார். வால் போகும் திசையையும், எந்த உயரத்தில் காற்று எந்தத் திசையில் வீசுதுங்கறதையும் ஒப்பிட்டு உயரத்தைக் கணக்குப் போடுவார். அந்தப் பக்கமாப் போகும் விமானியிடம் இருந்து தகவல் வந்தா அதையும் சேர்த்துக்குவார். கப்பல்களும் சில நேரம் பார்த்துச் சொல்லும். 2017 ஜனவரியில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் பேரன் தீவுக்குப் பக்கத்தில் கடலடி மண் எடுத்துக்கொண்டிருந்தபோது, கண் எதிரிலேயே அது சாம்பலைக் கக்க ஆரம்பித்தது. ஆனா எல்லா நாளும் அங்க கப்பல் நிக்காது இல்லையா?

'இல்லை' வேற, 'தெரியலை' வேற

அந்த அறிக்கைகளைப் படிக்கும்போது ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது. தமிழில் சொன்னா, "செயற்கைக்கோள் தரவில் சாம்பலை அடையாளம் காண முடியவில்லை". மேகம் மூடியிருக்கும் நாட்களில் இதைத்தான் எழுதுறாங்க. கவனிங்க, சாம்பல் 'இல்லை'ன்னு எழுதலை. அடையாளம் காண 'முடியவில்லை'.

இந்த இடத்தில் நான் என் கதை ஒன்றைச் சொல்லியாகணும்.

ரெண்டு வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த இடத்தில், மருந்துக் கடைகள் மொத்த வியாபாரிகளிடம் ஸ்டாக் ஆர்டர் பண்ற ஒரு ஆப் எங்க டீமோடது. ராத்திரி ஏதாவது பிரச்சினைன்னா அலெர்ட் அடிக்கும், யாராவது எழுந்திருக்கணும். அதில் ஒரு அலெர்ட் சும்மா சும்மா அடிக்கும். அளவுகளை அனுப்புற புரோகிராம் ரெண்டு நிமிஷம் தாமதமானாலே, தரவு வரலைன்னு எல்லாரையும் எழுப்பிவிடும். டீமே கடுப்பாயிடுச்சு. நான்தான் ஒரு நாள் போய் அந்த விதியை மாத்தினேன். தரவு வரலைன்னா, எல்லாம் நல்லா இருக்குன்னு எடுத்துக்கோ. ஒரே வரி மாற்றம். எல்லாரும் எனக்கு நன்றி சொன்னாங்க.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி, அந்த அளவு அனுப்புற புரோகிராமும் ஆர்டர் வரிசையும் சேர்ந்தே செத்துப்போச்சு. தரவு வரலை. டேஷ்போர்டு பச்சை. அஞ்சு மணி நேரம் பச்சை. காலையில் கஸ்டமர் சப்போர்ட்டில் இருந்து ஒரு காலை எனக்குத் திருப்பிவிட்டாங்க. சின்ன ஊரில் கடை வச்சிருக்கிற ஒரு பெரியவர். இன்சுலின் ஆர்டர் போட்டிருக்கார், வண்டி வந்துடுச்சு, அதில் இன்சுலின் இல்லை. அவர் கத்தலை. "தம்பி, ஆர்டர் போயிடுச்சுன்னு உங்க ஆப்புல பச்சையாத்தானே காட்டுச்சு? அதை நம்பித்தான் நாலு பேருக்குக் காலையில வாங்கன்னு சொல்லிட்டேன்"ன்னு மட்டும் சொன்னார். எனக்குப் பதில் வரலை. சாரிங்கய்யான்னு மட்டும் சொன்னேன். மதியத்துக்குள் வேற வண்டியில் அனுப்பிவச்சோம். ஆனா அந்த 'நாலு பேரு' இன்னும் என் மண்டையில் இருக்காங்க.

1982-ல் அந்த ரேடார் திரையும் இதே மாதிரிதான். எனக்குத் தெரியலைங்கறதை, ஒன்றும் இல்லைன்னு காட்டுச்சு.

2018 டிசம்பர் 22 ராத்திரி இந்தோனேசியாவில் இதைவிடக் கொடுமையா நடந்தது. அனாக் கிரகதாவ், அதுவும் ஒரு தீவு எரிமலை. மாசக்கணக்காப் புகைஞ்சிட்டிருந்தது, எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு அதன் ஒரு பக்கமே சரிஞ்சு கடலில் விழுந்து சுனாமி கிளம்பியது. நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே இருந்த சுனாமி எச்சரிக்கை முறை பூகம்பத்தைத் தேடிக்கொண்டிருந்தது. பெரிய பூகம்பம் எதுவும் வரவில்லை, அதனால் எச்சரிக்கையும் இல்லை. முதலில் அதிகாரிகளே இது சுனாமி இல்லை, பௌர்ணமிக் கடலேற்றம் என்றுதான் சொன்னார்கள், பிறகு திருத்தினார்கள். அதுக்கப்புறம் சில நாள் மலை கடல்நீரோடு கலந்து வெடித்தபோது, மேலே போன மேகத்தில் அவ்வளவு பனிக்கட்டி. பனி இருந்தா நம்ம கழித்தல் கணக்கு என்ன காட்டும்? பிளஸ். மழை மேகம்னு சொல்லிடும்.

அப்போ சந்தேகம் வந்தாலே எல்லா விமானத்தையும் நிறுத்திடலாமான்னு கேட்பீங்க. அதுக்கும் விலை இருக்கு. 2010-ல் ஐஸ்லாந்து எரிமலை வெடித்தபோது, ஐரோப்பாவில் சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்து, ஒரு கோடி பேர் அங்கங்கே மாட்டிக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மில்லிகிராம் சாம்பல் இருந்தால் பறக்கலாம்னு அங்கே அளவு வச்சாங்க. சும்மா சும்மா அடிக்கும் அலெர்ட்டை யாரும் நம்ப மாட்டாங்க. அது எனக்கு நல்லாவே தெரியும், அதனால்தானே அந்த ஒரு வரியை மாத்தினேன்.

அதனால டார்வின் மையம் செய்றதுதான் எனக்கு நியாயமாப் படுது. கத்தவும் இல்லை, பச்சை விளக்கும் காட்டலை. இவ்வளவு தெரியுது, இவ்வளவு தெரியலை, ஆறு மணி நேரத்துக்குள்ள மறுபடி பார்த்துச் சொல்றேன்னு எழுதிட்டு, மறுபடி பார்க்கிறாங்க.

சென்னையில் இருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் ரெண்டு மணி நேரம் சொச்சம். உங்களில் யாராவது அந்தமான் டூர் பிளான் பண்ணிட்டிருந்தா, பயமுறுத்த வரலை, தாராளமாப் போங்க. பேரன் தீவின் சாம்பல் பெரும்பாலும் விமானம் பறக்கும் உயரத்துக்கு வர்றதில்லை. வந்தா, பார்த்துச் சொல்ல ஆள் இருக்கு.

நான் அந்த வேலையில் இருந்த வரைக்கும் டேஷ்போர்டில் மூணாவதா ஒரு நிறம் சேர்த்து வச்சிருந்தேன். தரவு வரலைன்னா சாம்பல் நிறம். எரிமலையை நினைச்சு வச்சதில்லை, அப்போ எனக்கு இதெல்லாம் தெரியாது. சும்மா பொருந்திப் போச்சு. என் பேரன் தீவு ஸ்கிரிப்டும் இப்போ மூணு பதில்தான் சொல்லும். சாம்பல் இருக்கு. சாம்பல் இல்லை. மேகம் மூடியிருக்கு, பார்க்க முடியலை. நேத்து ராத்திரி ஓட்டிப் பார்த்தேன். மூணாவது பதில்தான் வந்தது. நாளைக்கு மறுபடி ஓட்டணும்.

உங்க வேலையில் இப்படி ஒரு பொய்ப் பச்சை விளக்கு எங்கேயாவது எரிஞ்சிட்டிருக்கா? இருந்தா ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடில் கேட்போம். அதுவரைக்கும், டாட்டா.